‘பாஸ் மார்க் போட்டு விடுங்கள்’ என்றால்?

கேள்வி:

வணக்கம் சார். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஓவியத்தை விருப்பப் பாடமாக எடுத்த இளங்கலை மாணவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் வகுப்பு. இந்தப் பருவத்தில் நான்கு மாற்றுத்திறனாளி மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மண்டபம் பக்கத்துப் பெண்ணுக்குப் பார்வை அறவே இல்லை, சிறுவயதில் போனது. தொண்டிப் பையனுக்குக் குறைபார்வை. தேவிபட்டினத்துப் பெண்ணுக்குக் காது கேட்காது. சாயல்குடிப் பையனுக்குப் பெருமூளை வாதம். கை நடுங்கும், பேச்சு குழறும். நான் பேசிக்கொண்டே வரைந்து காட்டுவேன், மற்றவர்கள் பார்த்து வரைவார்கள். இவர்களுக்கு என்ன கொடுப்பது என்றே தெரியவில்லை. பருவ இறுதியில் சங்கும் மீன்வலையும் வைத்து ஒரு ஸ்டில் லைஃப் (எதிரே அடுக்கி வைத்த பொருள்களைப் பார்த்து வரையும் படம்) வரைய வேண்டும். “நாலு பேருக்கும் பாஸ் மார்க் போட்டு விடுங்க மேடம், யாரும் கேக்கப் போறதில்ல” என்கிறார் துறைத்தலைவர். சாயல்குடிப் பையன் அனுப்பும் படங்களை அவனுடைய அம்மாதான் வரைகிறாரோ என்றும் சந்தேகம். நான் சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. என்ன செய்யட்டும்?

— வாசகி, கீழக்கரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பாஸ் மார்க் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போடாதீர்கள். உங்கள் துறைத்தலைவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். புகார் வரக்கூடாது, பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் வகுப்பில் ஒன்றுமே செய்யாமல் 40 மார்க் வந்தால் அது எதற்காக வந்தது என்று மண்டபத்துப் பெண்ணுக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் அதே கல்லூரியில் இன்னொரு பார்வையற்ற மாணவி ஓவியம் எடுக்க வந்தால், “அவங்களுக்குச் சும்மா மார்க் போட்டுருவோம்” என்பதே பழக்கமாகிவிடும். கற்றுக்கொடுக்க வேண்டிய கட்டாயமே யாருக்கும் இருக்காது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொன்னது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தேவையான மாற்றம் செய்யவும் அதில் இடம் இருக்கிறது. பாடத்தையே தூக்கிவிட்டு மார்க்கை மட்டும் கொடுக்கச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை.

சரி, என்ன கொடுப்பது? சிறப்புக் கல்வி படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ஓவியம் கற்பிக்கத் தெரிந்தவருக்கே உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு பயிற்சிக்கும் கேளுங்கள்: இந்தப் பயிற்சியால் மாணவருக்கு என்ன வர வேண்டும்? பென்சிலில் மழமழவென்று நிழல் போடுவதா, வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை படிப்படியாக இறங்கத் தெரிவதா? இரண்டாவதுதான் நோக்கம் என்றால் பென்சில் ஒரு வழி, அவ்வளவுதான். வேறு வழியும் போடலாம். முதலாவதுதான் நோக்கம் என்றால், அது பல்கலைக்கழகப் பாடத்துக்குத் தேவையா என்று நீங்களே ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கை சுத்தத்துக்கு மார்க் போட்டுப் பழகிவிட்டோம். நேர்கோடு நேராக இருக்கிறதா, வண்ணம் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பள்ளிக்கூடத்து ட்ராயிங் நோட்டுக்குச் சரி.

உங்கள் ஸ்டில் லைஃபையே எடுத்துக்கொள்வோம். சங்கும் வலையும் வைத்து வரையும்போது மாணவர் கற்பது என்ன? ஒரு பொருளோடு நெடுநேரம் இருப்பது, அளவுகளை ஒப்பிடுவது, எது முன்னால் எது பின்னால் என்று முடிவெடுப்பது, தாளில் எதை விடுவது எதை வைப்பது என்று தேர்ந்தெடுப்பது. இவற்றில் கண்ணை மட்டுமே நம்பியிருப்பது எது என்று பாருங்கள். மிகக் கொஞ்சம்தான்.

ஆன்லைன் வகுப்பில் ஒரு வசதி உண்டு. நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மேசையில் இருக்கும் சங்கைத் திரையில் பார்த்து எல்லோரும் வரைகிறார்கள். அதைவிட, ஆளுக்கொரு சங்கும் ஒரு முழம் பழைய வலையும் அவரவர் கையில் இருக்கட்டும். ராமேஸ்வரத்துக் கடைகளில் சாதாரணச் சங்கு கிடைக்கும். கிழிந்த வலைக்கு நம் கரையில் பஞ்சமே இல்லை. வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளட்டும், இல்லாதவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: “கடலோரத்துல கிடைக்கிறதக் கொண்டா” என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் பவளத் துண்டையும் கடல் விசிறியையும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளம், கடல் விசிறி, கடல்குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஓவிய வகுப்புக்காக வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டாம்.

இப்போது மண்டபத்துப் பெண்ணுக்கு வருவோம். சிறுவயதில் பார்வை போனது என்கிறீர்கள். எந்த வயதில், எதெல்லாம் நினைவிருக்கிறது என்று தனியாக, போனில், அவரிடமே கேளுங்கள். நிறம் நினைவிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

வரைவதற்கு அவருக்குத் தேவை, போட்ட கோட்டை உடனே தொட்டுப் பார்க்கும் ஒரு பலகை. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, கனமான அட்டையில் இழுத்து ஒட்டி, ஓரத்தில் கை கிழிக்காமல் டேப் போடுங்கள். அதன் மேல் சாதாரணத் தாள். மெழுகு கிரேயானால் அழுத்திக் கோடு போட்டால், அந்தக் கோடு சொரசொரவென்று விரலுக்குத் தெரியும். செலவு சொற்பம். இறுதிப் படத்துக்கு, காலியான மருதாணிக் கோனில் ஃபெவிக்கால் நிரப்பிக் கோடு இழுக்கலாம். ஒரு ராத்திரி காய்ந்தால் மேடாக நிற்கும்.

வகுப்பில் சொல்லும் முறை எப்படி என்று ஒரு மாதிரி தருகிறேன். “சங்கை இடது கையில் பிடி. கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும். வலது ஆள்காட்டி விரலை உச்சியில் வைத்து, வரிப்பள்ளத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கு. எத்தனை சுற்று வந்தது? எந்த இடத்தில் சட்டென்று அகலமாகிறது? அந்தத் தோளில் கட்டைவிரலை வை. உச்சியிலிருந்து தோள் வரை எத்தனை விரல்கடை, தோளிலிருந்து கீழ்வால் வரை எத்தனை?” இந்த இடத்தில் நிறுத்துங்கள். அவர் அளக்கட்டும். மேலே குட்டை, கீழே நீளம் என்று அவரே சொல்வார். பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடி மற்ற மாணவர்கள் அளக்கிறார்களே, அதே விகிதப் பாடம்தான் இது. சொல்லப்போனால் வாய்ப்பகுதிக்குள் விரலை விட்டு, நடுத்தண்டில் ஓடும் மடிப்புகளை எண்ணும் மாணவி, திரையில் பார்ப்பவரைவிடச் சங்கை நன்றாகவே அறிந்திருப்பார்.

அதன் பிறகு வெளிக்கோடு. உள்ளங்கை சங்கின் மேல் போய்க்கொண்டே இருந்து, எங்கே வளைந்து கையைவிட்டு விலகுகிறதோ, அதுதான் அந்தப் பக்கத்து விளிம்பு. பார்வையற்றவர்களுக்குக் கோட்டோவியம் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் கென்னடி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கோடு என்பது ஒரு பொருளின் விளிம்பைக் காட்டும் என்பதைப் பிறவியிலேயே பார்வையற்றவர்களும் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. வலையைச் சங்கின் மேல் போட்டதும்தான் உண்மையான சிக்கல் வரும். விரல் வலைக்கு அடியிலும் போகும். கையால் பார்ப்பவருக்கு மறைவு என்று ஒன்று கிடையாது. முன்னால் இருப்பதை மட்டும் வரைவதா, தொட்டுத் தெரிந்த எல்லாவற்றையும் வரைவதா? இதை அவருடைய முடிவுக்கே விட்டு, ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று கேளுங்கள். நான் மார்க் போடுவதாக இருந்தால் அந்தப் பதிலுக்குத்தான் அதிகம் போடுவேன்.

நீங்கள் பேசும்போது “இங்க”, “அந்தப் பக்கம்”, “இப்படி ஒரு வளைவு” என்பவற்றை விட்டுவிடுங்கள். திரையைப் பார்க்காதவருக்கு அவை வெற்றுச் சத்தம். தாளைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, “12 மணியிலிருந்து 4 மணி வரை ஒரு வளைவு” என்றால் போதும். இது மற்ற மாணவர்களுக்கும் தெளிவாக இருக்கும்.

நிறப்பாடத்தில் மட்டும் கொஞ்சம் நேர்மை வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்கும் நிழற்படிக்குப் பதிலாக உப்புத்தாள், சணல், கதர், பருத்தி, பட்டு என்று சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு ஐந்து படி இறங்கும் பயிற்சியைக் கொடுக்கலாம்; வரிசைப்படுத்தும் அறிவு இரண்டிலும் ஒன்றே. நிறத்துக்கு அப்படி நேர் மாற்று கிடையாது. “சிவப்புன்னா சூடு, நீலம்னா குளிர்ச்சி” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நிறம் கற்றுவிட்டார் என்று கணக்கு எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நிறக்கலவையின் விதிகளை அறிவாகப் படிக்கட்டும். செய்முறைக்கு அந்த ஒரு பயிற்சியை எடுத்துவிட்டு, களிமண்ணில் புடைப்புச் சிற்பம் (பலகையிலிருந்து உருவம் மேடாக எழுந்து நிற்பது) ஒன்றை வையுங்கள். அதற்கும் அதே கடினம் இருக்கட்டும்.

சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வையில்லை. ஐம்பதைக் கடந்த பிறகு அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பின் மீதிப் பார்வையும் போனது. அதன் பிறகு காகிதத்தை மடித்து, வெட்டி, ஒட்டிப் படம் செய்தார். 1972இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்தில் செராமிக் ஓடுகளால் ஒரு சுவரோவியமே அமைத்தார். கலை வரலாற்றுப் பாடமும் நடத்தினார். இதை வகுப்பில் “பார்த்தீங்களா, மனசு வச்சா எதுவும் முடியும்” என்று சொல்லத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அந்த மாணவி அதைப் பள்ளியிலிருந்தே கேட்டு அலுத்திருப்பார். ஓவியர் ஊடகத்தை எப்படி மாற்றினார், தூரிகை போன இடத்தில் கத்தரிக்கோல் வந்ததால் படத்தின் வடிவம் எப்படி மாறியது என்று எல்லோருக்கும் பாடமாக நடத்துங்கள்.

தேவிபட்டினத்துப் பெண்ணின் பிரச்சினை வேறு. உங்கள் வகுப்பு முறையே அவருக்கு எதிராக இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டே வரைகிறீர்கள். காது கேட்பவர் கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு காதால் உங்களைத் தொடரலாம். அவருக்கு இருப்பது கண் மட்டும். அந்தக் கண்தான் உங்கள் கையையும் பார்க்க வேண்டும், உதட்டையும் பார்க்க வேண்டும், கீழே ஓடும் எழுத்தையும் படிக்க வேண்டும், தன் தாளையும் பார்க்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் பேசும்போது வரையாதீர்கள், வரையும்போது பேசாதீர்கள். முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், வாயை மூடிக்கொண்டு வரைந்து காட்டுங்கள், மறுபடி நிறுத்துங்கள், அவர்கள் வரையட்டும். ஆரம்பத்தில் வகுப்பு மந்தமாகப் போவதாகத் தோன்றும். போகட்டும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். நம் கரையின் வெயிலில் உங்கள் முகம் கரிக்கட்டையாகத்தான் தெரியும். பூப்போட்ட சேலையின் முன்னால் கையசைவு தெரியாது, ஒரே நிறத்தில் உடுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனில் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் வேலை செய்யும். ஆனால் நம் ஊர்ப் பேச்சு வேகத்தில் தடுமாறும். அதையே முழுசாக நம்ப வேண்டாம். பக்கம் பக்கமாக நோட்ஸ் அனுப்பினால் சரியாகிவிடும் என்றும் எண்ணாதீர்கள். சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சின்ன வாக்கியம், பக்கத்தில் ஒரு படம், இது போதும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது. அதில் கிடைக்காத ஓவியச் சொற்களுக்கு அந்தப் பெண்ணையே சைகை சொல்லச் சொல்லி, வகுப்பு முழுக்கப் பழகிக்கொள்ளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரைக் கல்லூரி ஏற்பாடு செய்தால் அவர் படம் திரையில் எப்போதும் நிலையாக இருக்கும்படி ‘பின்’ (pin) செய்துவிடுங்கள்.

“காது கேக்காதவங்களுக்கு ஓவியம் தானா வரும்” என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் எதுவும் தானாக வராது. எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்த ஓவியர் சதீஷ் குஜ்ரால், 1952இல் மெக்சிகோ போய் அங்கே புகழ்பெற்ற சுவரோவியர்களான தியேகோ ரிவேராவிடமும் சிக்கெய்ரோஸிடமும் பயிற்சி எடுத்தவர். அதற்குப் பிறகுதான் சுவரோவியம், டெல்லியின் பெல்ஜியம் தூதரகக் கட்டடம் எல்லாம். உங்கள் மாணவிக்கும் மற்றவர்களைப் போலவே திருத்தம் தேவை. பாராட்டு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

தொண்டிப் பையனுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குறைபார்வை என்றதும் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கொடுப்போம். நடுப்பார்வை மங்கியவருக்கு அது உதவும். ஓரப்பார்வை போய், குழாய் வழியாகப் பார்ப்பது போல் நடுப்பகுதி மட்டும் தெரிபவருக்கு, பெரிதாக்கினால் படம் பார்வைக்கு வெளியே போய்விடும். அவருக்குச் சின்னத் தாள்தான் நல்லது. இவர் எந்த வகை என்று அவரிடமே கேளுங்கள். வெள்ளைத் தாளின் பளபளப்பு கூசினால் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் வரையட்டும். மூக்கு தாளில் படும்படி குனிந்து வரைந்தால் தடுக்காதீர்கள், அதனால் கண் கெடாது. முதுகு வலிக்காமல் இருக்கப் பலகையைச் சாய்வாக வைத்தால் போதும்.

சாயல்குடிப் பையனுக்கு நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, சின்னத் தாளில் சின்னப் பென்சிலைக் கொடுப்பது. விரல் நடுங்குபவருக்குத் தோளிலிருந்து வரும் அசைவு பெரும்பாலும் கொஞ்சம் கட்டுப்பாடாக இருக்கும். சார்ட் தாளைத் தரையிலோ சுவரிலோ நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டி, முழுக் கையால் வரையச் சொல்லிப் பாருங்கள். சீமைக் கருவேல மூட்டக்கரி நம் மாவட்டத்தில் கிடைக்காத ஊர் எது? கைக்கு அடக்கமான கட்டியாக எடுத்துக்கொண்டால் பிடிக்கவும் எளிது, அழுத்தவும் வேண்டாம். தூரிகைதான் வேண்டும் என்றால் காம்பில் சைக்கிள் ஹேண்டில் உறையை மாட்டினால் தடிமனாகிவிடும். போனில் வரைய விரும்பினால் ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலிகளில் கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போடுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். நடுங்கும் கோடே அவருடைய கோடாக இருக்கலாம். என் கண்ணுக்கு மீன்வலையை அப்படிப்பட்ட கோட்டில் பார்ப்பது, ஸ்கேல் வைத்து இழுத்த வலையைவிடப் பிடிக்கும்.

அவர் பேசும்போது காத்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் நாலு விநாடி மௌனம் வந்தால் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. நெட் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்கிறோம். அவருக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு வசதியாக இருந்தால் அதில் பதில் சொல்லட்டும். பேச்சு குழறுவதை வைத்துப் புத்தியை அளக்க வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அம்மா வரைவது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சந்தேகம் சரியாகவே இருக்கலாம். பல வீடுகளில் இது நடக்கிறது. பெற்றவளுக்கு மார்க் பயம். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல் அந்த அம்மாவிடம் பேசி, அவருக்கென்று ஒரு வேலையைக் கொடுங்கள். தாளை ஒட்டலாம், வண்ணப் புட்டி திறக்கலாம், மகன் சொன்ன நிறத்தைச் சொன்ன அளவில் கலக்கலாம், தூரிகை கழுவலாம். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் கோடு போடுவதும் மகனுடையது. “உங்க பையன் போட்ட கோணல் கோட்டுக்கு நான் மார்க் போடுவேன், நீங்க போட்ட நேர்கோட்டுக்குப் போட முடியாதுங்கம்மா” என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், வகுப்பிலுள்ள அத்தனை பேரும் படத்தோடு ஒரு நிமிடச் செய்முறை வீடியோவும் அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள்; முகம் வேண்டாம், கை மட்டும். எல்லோருக்கும் பொதுவான விதி என்பதால் அவரை மட்டும் தனியாகப் பிடித்த மாதிரி இருக்காது.

கேமரா போடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். ஒற்றை அறை வீடு, பின்னால் அம்மா, தங்கை என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் சங்கடம். உங்கள் கையைக் காட்ட ஸ்டாண்டு வாங்கவும் வேண்டாம்: நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் போனைத் திரை மேலே இருக்கும்படி படுக்க வைத்து, பின்பக்க லென்ஸை ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து, அடியில் தரையில் வரையுங்கள். சின்னத் தாளுக்கு அது போதும். முகத்துக்கு இன்னொரு போன். வகுப்பு முடிந்ததும், பேச்சில்லாத ஐந்து நிமிடச் செய்முறை வீடியோவாக ஒன்றும், கையால் தொட்டு அறியும் விவரணையைக் குரலில் மட்டும் சொல்லும் பதிவாக ஒன்றும் குரூப்பில் போட்டுவிட்டால், அன்று வர முடியாதவர்களும் பிடித்துக்கொள்வார்கள். வர முடியாத நாள் நிறைய இருக்கும். கரையோர வீடுகளில் பெரும்பாலும் ஒரு நல்ல போன்தான் இருக்கும், அது அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டில் இருக்கும். ரீசார்ஜ் பண்ணத்தான் காசு இருக்காது. நேரடி வகுப்புக்கு வருகைப்பதிவு வைத்து மார்க்கைக் குறைப்பது இவர்களுக்குச் செய்யும் அநியாயம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிக் கோடு மங்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்துப் பாடத்துக்கு ராமநாதபுரம் அரண்மனையின் தர்பார் மண்டபமான ராமலிங்க விலாசத்தை எடுத்துக்கொள்ளலாமே. முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து, 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கச் சுவரோவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராமாயணம், ஐரோப்பியர் வருகை எல்லாம் சுவரில் இருக்கின்றன. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சியைப் பார்வையற்ற ஒருவருக்கு 150 சொற்களில் விவரிக்கச் சொல்லி வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். முதலில் சுவரில் எந்த இடம், எவ்வளவு பெரிது. அப்புறம் யார் யார், எந்தத் திசை பார்த்து. கடைசியில் நகையும் துணியும். “அழகாக இருக்கிறது” என்று எழுதினால் மார்க் கிடையாது. மண்டபத்துப் பெண்ணே அவற்றைக் கேட்டு, எந்த விவரணையில் படம் பிடிபட்டது, எதில் பிடிபடவில்லை என்று சொல்லட்டும். இந்தப் பயிற்சியில் மதிப்பீட்டாளர் அவர்தான்.

மார்க்குக்கு நான் சொல்லும் வழி இது. எல்லா மாணவர்களும் ஒவ்வொரு படத்தோடும், தாங்கள் எடுத்த மூன்று முடிவுகளைச் சொல்ல வேண்டும். எழுத்தில், குரலில், சைகை வீடியோவில், எது வசதியோ அதில். அதற்குப் பாதி மார்க். மீதி, பயிற்சியின் நோக்கம் படத்தில் நிறைவேறியிருக்கிறதா என்பதற்கு. சுத்தத்துக்குத் தனி மார்க் வேண்டாம். இப்படிப் போட்டால் அந்த நான்கு பேரில் யாராவது தோற்கவும் கூடும். தோற்றால் காரணம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். மற்ற மாணவர்களுக்கும் அதைத்தானே செய்வீர்கள்?

தேர்வு நெருங்குவதற்குள் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எழுத்துத் தேர்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதலில் உள்ளது. அதே கணக்கைச் செய்முறைத் தேர்வுக்கும் கேளுங்கள். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். ஆனால் சாயல்குடிப் பையனுக்கு நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் கை இறுகிப்போகும். அவருக்கு இரண்டு அமர்வாகப் பிரித்துத் தரும்படி தனியாக எழுதுங்கள். தேர்வில் உதவியாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதையும், மண்டபத்துப் பெண்ணுக்கு நிறப்பயிற்சிக்குப் பதில் புடைப்புச் சிற்பம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். வகுப்பு குரூப்பில் அவற்றைக் கேட்காதீர்கள். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கௌரவ விரிவுரையாளர் வேலையில் அடுத்த பருவம் அந்த வகுப்புக்கு நீங்களே வருவீர்களா என்று சொல்ல முடியாது. கோப்பில் இருந்தால் வருகிறவருக்கு உதவும்.